மஞ்சள் டப்பா கூப்பிட்டால் யார் வருவார்?

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் உங்கள் சம்பந்தி அம்மாளும் படகும் சௌக்கியம். அங்கே தாங்களும் வீட்டம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும், முக்கியமாகத் தங்கள் தமையனார் அவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தாங்கள் அன்று கழற்றிவிட்ட செருப்புகள், கறுப்பில் ஒன்றும் பழுப்பில் ஒன்றும், இங்கே பத்திரமாக இருக்கின்றன. மாற்றிப் போட்டுக்கொண்டு போன என் செருப்பு தங்கள் காலைக் கடிக்காமல் இருந்தால் சரி.

இந்தக் கடிதத்தின் நோக்கம் தாங்கள் அறிந்ததே. டப்பா ஏன் கத்தியது என்று தங்கள் நாட்டுக் கடல் மீட்பு நிலையம் விளக்கம் கேட்டிருக்கிறது. படகின் கொடி உங்கள் கொடி என்பதால் விளக்கம் தங்கள் கையெழுத்தில்தான் போக வேண்டும். ஆனால் டப்பா கத்தியது என் வீட்டுப் பின்வாசலில் என்பதால் நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நான். கீழே உள்ளதை அப்படியே அவர்கள் பாஷையில் பெயர்த்துக் கொடுத்துவிடலாம். நடுநடுவே நம் குடும்ப விஷயம் கொஞ்சம் தலைநீட்டும், அந்த இடங்களைத் தாண்டிக்கொள்ளவும்.

முதலிலிருந்து வருகிறேன். இந்தப் படகே நம் பிள்ளைகளின் சதி என்பது இப்போது தங்களுக்கும் தெரிந்திருக்கும். என் மகள் என்னிடம், "அப்பா, மாமாவுக்குப் பாய்மரப் படகு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, உங்ககிட்ட கேக்கத்தான் கூச்சப்படுறார்" என்றாள். மாப்பிள்ளை இதையே என் பெயரைப் போட்டுத் தங்களிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கும், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தங்களுக்கும் படகைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மிதக்கும் என்பது மட்டும்தான். இருந்தும் மூன்றாவது நாட்டுப் பல் டாக்டர் ஒருவர் விற்ற படகை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, இரண்டு பேரும் கூட்டாக வாங்கிவிட்டோம். எந்த நாட்டில் பதிவு செய்வது என்று கேள்வி வந்தது. நான் "சம்பந்தி நாட்டுக் கொடியே பறக்கட்டும், அதுதான் மரியாதை" என்றேன். தாங்கள் "படகு அவங்க துறைமுகத்துலதானே நிக்குது, அவங்க கொடியே இருக்கட்டும்" என்றீர்களாம். வாசலில் நின்று "நீங்க முதல்ல", "இல்லை, நீங்க முதல்ல" என்று உபசாரம் செய்துகொண்டே இருவரும் மழையில் நனைந்த கதைதான். கடைசியில் பிள்ளைகள் காசைச் சுண்டிப் பார்த்து உங்கள் நாடு என்று முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. உங்கள் நாட்டு அலுவலகம், பழைய நாட்டுப் பதிவிலிருந்து படகை நீக்கியதற்குச் சான்று காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றது. பழைய நாட்டு அலுவலகம், புதிய நாடு சேர்த்துக்கொண்டதைக் காட்டினால்தான் நீக்குவோம் என்றது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. எங்கள் ஊரில் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் அந்தப் பழைய நாட்டின் தூதரகக் கிளை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கொடி, ஒரு அதிகாரி அம்மா, கீழேயிருந்து வரும் இஸ்திரி வாசனை, அவ்வளவுதான். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா விதிப்புத்தகத்தைப் புரட்டுவார், கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவும், தூக்கி விடுவார், மறுபடி நழுவும், சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு "வழியில்லை சார்" என்பார். தொழில் பார்த்த கை சும்மா இருக்குமா? "அம்மா, கோபிச்சுக்காதீங்க, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்று வாங்கி, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டித் திருப்புளியால் ஆணிகளை இறுக்கி, காதில் மாட்டும் வளைவைத் துளி மடக்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார், தலையை ஆட்டினார், கண்ணாடி அசையவில்லை. "அட, இந்தப் பக்கத்துக்கு அடியில இப்படி ஒரு வரி இருக்கறதே இத்தனை நாளா எனக்குத் தெரியலையே சார்!" என்றார். விற்றவரும் வாங்கியவரும் சம்மதித்தால் தற்காலிக நீக்கச் சான்று தரலாம் என்று அங்கே போட்டிருந்தது. மறுவாரமே படகு உங்கள் நாட்டுக்கு மருமகளாக வந்துவிட்டது.

படகோடு வந்த சீதனம்தான் அந்த மஞ்சள் டப்பா. அதிகாரிகள் பீக்கன் என்பார்கள், உங்கள் சம்பந்தி அம்மாள் கூப்பாட்டு டப்பா என்பாள். தண்ணீர் பாட்டில் அளவு, தலையில் ஒரு கம்பி. படகு மூழ்கினால் தாங்கியிலிருந்து கழன்று மிதந்து, தண்ணீர் பட்டவுடன் தானாகவே வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்துக் கூப்பாடு போடும். கூப்பாடு எந்த நாட்டுக்குப் போகவேண்டும் என்பதற்கு அதன் வயிற்றுக்குள் ஒரு எண் இருக்கிறது. கொடி மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நாம் இங்கே மூழ்கும்போது அங்கே பல் டாக்டருக்குத்தான் போன் போகும். அவர் என்ன செய்வார், வாயைத் திறக்கச் சொல்வார். ஆகவே துறைமுகத்து ரேடியோக் கடைக்காரரிடம் கொடுத்து உங்கள் நாட்டு எண்ணை ஏற்றி வாங்கினேன். அதன் விளக்கப் புத்தகத்தை மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன், வீட்டில் இருப்பவளுக்கும் நாலு விஷயம் தெரியட்டும் என்று. அவள் காய் நறுக்கிக்கொண்டே 'ம்' கொட்டுவாள், காதில் வாங்கினாளோ இல்லையோ.

ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "இந்த டப்பா கூப்பிட்டா யாரு வருவாங்க?"

"கடலோரக் காவல் வரும். ஹெலிகாப்டர் வரும்."

"அவங்க வேலைக்கு வர்றவங்க, வராம எங்க போவாங்க? நம்ம மனுஷங்க யாரு வருவாங்கன்னு கேக்குறேன்."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அந்தப் பக்கம் இல்லை.

"அதைச் சொல்லுங்க. அப்புறம் படகுல ஏறுறதா வேண்டாமான்னு பாக்கலாம்" என்று கத்தியை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தாங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அவள் ஏறாத படகு எனக்கு எதற்கு? காய்கறி வாங்கத் தெருமுனைக்குப் போனால்கூட அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு வழி நீளமாகத் தெரியும். பாயைப் பழுதுபார்த்து, கயிறு மாற்றி, கொடி ஏற்றி, எல்லாம் ஆன பிறகும் படகு கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றது. நானும் தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

டப்பாவைப் பதிவு செய்யும் படிவத்தில் 'ஆபத்தில் யாரைக் கூப்பிட வேண்டும்' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. படகு எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தவர்களின் பெயரை எழுதவும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். எனக்குப் பெயர் வரிசை என்றாலே பயம், பொடி எழுத்தெல்லாம் எங்கே கண்ணில் படும்? கல்யாணப் பத்திரிகையில் தங்கள் தமையனார் பெயர் விட்டுப்போய் மனத்தாங்கல் வந்தது அச்சகத்தான் செய்த வேலை என்று நான் இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். இருந்தாலும் சூடு கண்ட பூனை நான். முதல் கட்டத்தில் தமையனார் பெயரை 'ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்' என்ற பட்டத்தோடு எழுதினேன். இரண்டாவதில் தாங்கள், மூன்றாவதில் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் கட்டம் மிஞ்சவில்லை.

இனி அன்று காலை நடந்தது. டப்பா எண் மாற்றி வந்து கூடத்து அலமாரியில் இருந்தது, மறுநாள் படகில் மாட்டுவதாக ஏற்பாடு. தூசி என்றால் உங்கள் சம்பந்தி அம்மாளுக்கு ஆகாது என்பது ஊரறிந்தது. அதில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, தாங்கியிலிருந்து கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பின்வாசலில் வெட்டவெளியில் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள், பாவம். வாளியைக் கடல் என்று நினைத்துக்கொண்டது டப்பா. நான் முன்வாசலில் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் வீட்டில் போனை எடுத்தவர் தமையனார் என்று பிறகு மகள் சொன்னாள். உங்கள் படகு ஆபத்தில் இருக்கிறது என்று மீட்பு நிலையத்தார் பதறியிருக்கிறார்கள். "எனக்கு ஏதுய்யா படகு? என் பேரு எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்றாராம். "முதல் பேரே உங்க பேருதான் ஐயா." "முதல்லயா?" "ஆமாங்க ஐயா." "என் தம்பி பேரு?" "ரெண்டாவது." "பட்டம் போட்டிருக்கா? எங்க, படிங்க பாப்போம்." அவர்கள் படித்திருக்கிறார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் தோட்டத்தில் இருந்த தங்களைக் கூப்பிட்டிருக்கிறார். பெரியவரைக் குறை சொல்லவில்லை, உண்மையில் எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

இங்கே ஒரு ஆரஞ்சு வண்டி தெருவுக்குள் அலறிக்கொண்டு வந்தது. கூரையில் ரப்பர் படகு, உள்ளே மிதவைச் சட்டை போட்ட நான்கு பேர். கடல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவர்களின் தலைவர் இறங்கி, "இங்க யாராவது மூழ்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டார். கையில் குழாய், காலடியில் குளம், அப்படியே நின்று, "எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க" என்றேன். உங்கள் சம்பந்தி அம்மாளோ சற்றும் பதறவில்லை. "வாங்க, வாங்க, உக்காருங்க, அது பின்னால வாளியில இருக்கு" என்றாள். தலைவர் டப்பாவை எடுத்து அணைத்து, தன் நிலையத்துக்கும் உங்கள் நாட்டுக்கும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மேசையில் எட்டுக் கோப்பைகள் துடைத்து அடுக்கித் தயாராக இருந்தன, தேநீரும் கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தோம்பலை அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கெட்டிலில் சர்க்கரை போடாமல் தனியாக வேறு வைத்திருந்தாள். "நம்ம வீட்டுல யாரு சர்க்கரை இல்லாம குடிக்கிறா?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

தாங்கள் அத்தனை முறை அழைத்தும் நாங்கள் எடுக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் இருவரின் கைபேசிகளும் அணைந்துபோய் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தன. அங்கே எப்படிப் போயின என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, வயதாகிறது. டப்பா அணைந்த செய்தி உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது தாங்கள் கப்பலில் ஏறி நடுக்கடலில் இருந்தீர்கள்.

தாங்கள் காரிலிருந்து இறங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு, விரலெல்லாம் தோட்டத்து மண். என்னைக் கண்டதும் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "இருக்கீங்களா? இருக்கீங்கல்ல?" என்றீர்கள். "இருக்கேன் சம்பந்தி, இருக்கேன்" என்றேன். வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை. இரண்டு கிழவர்கள் வாசலில் கட்டிக்கொண்டு அழுததை, அறிக்கைக்குக் கையெழுத்து வாங்க மறுபடி வந்திருந்த நான்கு காவல்காரர்களும் கோப்பையும் கையுமாக நின்று பார்த்தார்கள். அறிக்கையில் அது வேண்டாம் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். 'நீங்க முதல்ல' என்று அன்று வாசலில் யாரும் சொல்லவில்லை, தாங்கள் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். அவள் சர்க்கரை இல்லாத தேநீரைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஞாயிற்றுக்கிழமை படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். மூன்று மாதம் வாதாடியும் நடக்காதது ஒரு வாளித் தண்ணீரில் நடந்துவிட்டது.

ஆகவே அதிகாரிகளுக்குத் தாங்கள் எழுத வேண்டியது இதுதான். இது முழுக்க முழுக்கத் தற்செயல். தண்ணீர் பட்டால் டப்பா இயங்கும் என்பதை அறியாத ஒரு குடும்பத் தலைவி நல்லெண்ணத்தில் செய்தது. தூசியைத் தவிர யார் மீதும் குற்றம் இல்லை. இனி அந்த டப்பாவை ஈரத் துணிகூடத் தொடாது என்று நான் உறுதி கூறுகிறேன்.

தமையனார் அவர்களுக்கு முதல் வணக்கத்தையும், வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பையும், பிள்ளைகள் இருவருக்கும் காது திருகலோடு கலந்த ஆசிகளையும் சேர்ப்பிக்கவும். ஞாயிறு காலை துறைமுகத்தில் காத்திருப்போம். நால்வருக்கு மிதவைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், தங்களுடையது கொஞ்சம் பெரிதாக.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் சம்பந்தி அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். மேலே உள்ள விளக்கத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். தூசி என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டாள். "தூசியா? என் வீட்டு அலமாரியிலயா?" என்றாள். "தண்ணி பட்டா கத்தும்னு தினம் சோத்து நேரத்துல படிச்சது நீங்கதானே?" என்றாள். எட்டுக் கோப்பையும், சர்க்கரை இல்லாத தேநீரும், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்த கைபேசிகளும் அப்போதுதான் ஒவ்வொன்றாக என் மண்டைக்குள் வந்து நின்றன. காவல்காரர்களிடம் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம், என்ன தண்டனை கொடுத்தாலும் சரியாம். "ஏண்டி, சம்பந்தி வருவாரா மாட்டாரான்னு பாக்கவா இத்தனையும் செஞ்ச?" என்று கேட்டேன். "அவரு வருவாருன்னு எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியாம இருந்துச்சு" என்றாள்.