தலை வலிக்குன்னா வீடு பிடிச்சிருக்கு

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தச்சநல்லூர்ல ஒரு வாடகை வீடு பாக்கணும்.

இருந்த வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாவ. அவசரம்!

பைக்ல போகையிலேயே என் சம்சாரம் ஜெசி சொல்லிட்டா. "வீட்டுக்காரங்க முன்னால வாயைப் பிளந்துராதீங்க. வாடகையை ஏத்திருவாவ. நான் 'தலை வலிக்கு'ன்னா வீடு பிடிச்சிருக்கு. 'தாகமா இருக்கு'ன்னா பிடிக்கல, கிளம்பிரணும்."

சங்கேத பாஷை! எனக்கு உளவுத்துறையில சேந்த மாதிரி ஒரு மிதப்பு.

வீட்டுக்கார அண்ணாச்சி கதவைத் தொறந்தாரு. புதுப் பெயிண்ட் வாடை ஆளைத் தூக்குச்சு. அடுப்படியில சன்னலே இல்ல.

ஜெசி நெத்தியப் பிடிச்சா. "ஏங்க, தலை வலிக்கு."

இந்த வீடா பிடிச்சிருக்குன்னு எனக்கே ஆச்சரியம். ஆனா உத்தரவு உத்தரவுதான!

"அண்ணாச்சி, வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு!"

ஜெசி முழிச்சா. "ஏங்க, எனக்குத் தாகமா இருக்கு!"

அண்ணாச்சி சம்சாரம் ஓடிப்போயி ஒரு செம்பு தண்ணி கொண்டாந்தாவ. மறுக்க முடியாம ஜெசி குடிச்சா.

அப்பாடா, இது நெசத் தாகம்! அட்வான்ஸைக் கொடுத்துட்டேன்.

"இன்னும் தாகமா இருக்குங்கேன்லா!"

அடுத்த செம்பு வந்துச்சு.

"நல்லாக் குடி தாயி. ஆத்துத் தண்ணி"ன்னாரு அண்ணாச்சி.

அவரு சம்சாரம் மட்டும் ஜெசியை ஏற இறங்கப் பாத்தாவ. "தலைவலி, அடங்காத தாகம்... எத்தன மாசம் தாயி?"

ஜெசிக்குக் குடிச்ச தண்ணி புரையேறிட்டு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அண்ணாச்சி உருகிட்டாரு. "அடடா, மாசமா இருக்க பிள்ளையா! வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கிடுதேன் வே!"

நான் கும்பிட்டேன்.

தெருவுல வந்து ஜெசி வெடிச்சா. "பெயிண்ட் நாத்தத்துல எனக்கு நெசமாவே மண்டையிடி! தாகம்தான் பொய்!"

நான் ரெண்டையும் தலைகீழாப் புரிஞ்சிருக்கேன்.

இப்போ அந்த வீட்டுலதான் இருக்கோம். அண்ணாச்சி சம்சாரம் தினமும் மாங்கா கொடுத்து விடுதாவ. 'அப்படி ஒண்ணும் இல்லக்கா'ன்னு ஜெசி சொன்னா, 'வெக்கத்தப் பாரேன்'னு கன்னத்தக் கிள்ளுதாவ.

நேத்து வளைகாப்பு எப்பம்னு கேட்டுட்டாவ.

ஜெசி வேற வீடு பாக்கா. இந்தத் தடவை தனியா.