அடுத்த வீட்டில் அழுத்தினால் நம் வீட்டில் மின்னுகிறது

அன்பும் ஆற்றலும் ஒருங்கே வாய்ந்த மாப்பிள்ளை அவர்களே, அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவருக்கு முன்பே இம்மடலைப் படித்து முடிக்கப்போகும் என் அருமை மகளே,

வணக்கம். நானும் உங்கள் அத்தையும் நலம். வீடு மட்டும் நலமாக இல்லை. பெருந்திடலில் ஒலிவாங்கி செத்துப்போனபோதும் கலங்காத நான், என் வீட்டு முன்னறையில் குடை பிடித்து நிற்கும் ஒரு விளக்கினால் நாள்தோறும் அவமதிக்கப்படுகிறேன். இதுவே என் முறையீடு. தொலைபேசியில் சொன்னால் "சரி மாமா, பாத்துக்கலாம் மாமா" என்று பாதியிலேயே முடித்துவிடுவீர்கள். எழுத்தை இடைமறிக்க எவராலும் இயலாது என்பதால் எழுதுகிறேன்.

நிலைமையை நீங்கள் அறிவீர்கள். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் அத்தை தலைமைச் செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவளுக்கு முன் அப்பொறுப்பில் இருந்த அனைவரின் படங்களும் மருத்துவமனைக் கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. இவளுக்கென ஓர் ஆணியும் அடித்தாயிற்று. நாம் படம் தராவிட்டால் அடையாள அட்டையில் உள்ளதையே பெரிதாக்கி மாட்டிவிடுவார்களாம். அந்த அட்டையில் அவள் கண்களை மூடிக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்கப்பட்டவளைப் போல இருக்கிறாள். எங்கள் திருமணப் படத்திலும் அப்படித்தான், உங்கள் திருமணப் படத்திலும் அப்படித்தான். எடுப்பவரின் விரல் அசையும் முன்பே இமைகள் இறங்கிவிடுகின்றன. "மாட்டினா மாட்டிட்டுப் போறாங்க, யாரு நின்னு பாக்கப்போறா" என்கிறாள். ஆனால் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த ஆணியைப் பற்றிப் பேச்செடுப்பவளும் அவள்தான்.

இந்தத் துயர் துடைக்கத்தான் நீங்கள் வந்தீர்கள். ஒளிப்படக் கருவியை முக்காலியில் ஏற்றினீர்கள். விளக்கைத் தனியே பிரித்து, எட்ட நிறுத்தி, வெள்ளைக் குடைக்குள் மறைத்தீர்கள். "ஃபிளாஷ் நேரா மூஞ்சில அடிச்சாத்தான் மாமா கூசும். பக்கத்துலேர்ந்து குடை வழியா வந்தா அத்தைக்கு ஒண்ணுமே தெரியாது" என்றீர்கள். "எல்லாம் செட் பண்ணியாச்சு. எதையும் தொடாதீங்க, அணைக்காதீங்க, பட்டனை மட்டும் அழுத்துங்க" என்று ஆணையிட்டு, வெளியூரில் எவர் திருமணத்தையோ படமெடுக்கப் புறப்பட்டுவிட்டீர்கள்.

நான் ஆணையைக் காத்தேன். அழுத்தினேன், கம்பி இல்லை, கயிறு இல்லை, அறையின் மறுகோடியில் விளக்கு பளிச்சிட்டது. வியந்து நின்றேன். மேடையேறிக் கட்டளையைக் காற்றில் அனுப்புவதுதான் என் தொழிலும். ஆனால் என் கட்டளைக்கு இத்தனை விரைவாக எவரும் பணிந்ததில்லை. இது எப்படி நிகழ்கிறது என்று அறியும் வேட்கையில் பலமுறை அழுத்தினேன். உங்கள் அத்தை பலமுறை கண்களை மூடினாள்.

மறுநாள் காலை, வெற்று நாற்காலிகளின் முன் நின்று என் அடுத்த சொற்பொழிவைப் பயின்றுகொண்டிருந்தேன். "உறங்கியது போதும், விழித்தெழுக" என்று கை உயர்த்திய நொடியில் விளக்கு தானாக மின்னியது. கருவியின் அருகே எவருமில்லை. உண்மையைச் சொல்கிறேன், உள்ளம் குளிர்ந்தது. மீண்டும் முழங்கினேன், மின்னவில்லை. குரலை உயர்த்தினேன், தாழ்த்தினேன், கைதட்டினேன், இருமிப் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. சோர்ந்து அமர்ந்து மூக்கைச் சிந்தினேன். அதற்கு இருமுறை மின்னியது.

"அதுக்கு எது புடிக்குதுன்னு பாருங்க" என்றாள் உங்கள் அத்தை, அடுக்களையிலிருந்து.

அறிவார்ந்த ஆய்வில் இறங்கினேன். ஒருவேளை வேறு ஒளியைக் கண்டு மின்னுகிறதோ என்று விளக்கின் உடலைத் துண்டால் சுற்றிக் கட்டினேன், துண்டுக்குள்ளிருந்தே மின்னியது. சன்னல்களைச் சாத்தினேன், பயனில்லை. அப்படியானால் கட்டளை சுவரைத் துளைத்து வருகிறது. எந்தச் சுவர்? ஒவ்வொரு சுவரிலும் காதை வைத்துக் கேட்டேன். குளியலறைச் சுவருக்கு அப்பால் ஒரு பெண் குரல், "கொஞ்சம் நேரா நில்லுடி" என்றது. என் முன்னறையில் வெளிச்சம் வெட்டியது.

உடனே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். குழந்தைகளுக்குச் சட்டை தைத்து, அவற்றைப் படமெடுத்துக் கைப்பேசி வழியே விற்கும் தையல்கார அம்மையார் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பொம்மை, சட்டை அணிந்து, சாய்ந்து நின்றது. அதனிடம்தான் பேசியிருக்கிறார். அதனருகே நம்முடையதைப் போலவே ஒரு விளக்கு. நம் விளக்கின் கதையைச் சொன்னேன்.

"அய்யா, நீங்கதானா அது? எங்க வீட்டு லைட்டு தானா எரியுதுன்னு நான் பயந்துபோய் வாசல்ல எலுமிச்சம்பழம் வெட்டி வச்சிருக்கேன்."

"அம்மையீர், நான் அழுத்துவது உங்கள் வீட்டிலும் மின்னுகிறதா?"

"நீங்க அழுத்தறதா? போன ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் விடாம எரிஞ்சுது. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ஆய்வு, என்றேன். இரு விளக்குகளும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பது விளங்கிற்று. நம் கட்டளை, அவர் கட்டளை என்று வேறுபாடு பாராமல் இரண்டும் இருவருக்கும் பணிகின்றன. மாற்றுவது எப்படி என்று கேட்டேன். "எங்க அண்ணன் செட் பண்ணிக் குடுத்தது. எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார். எதையும் தொடக் கூடாத இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விளைவைக் கேளுங்கள். அவருக்கு இப்போது விற்பனை மும்முரம். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நம் முன்னறையில் மின்னல். செய்தித்தாள் படிக்க இயலவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் எனக்கு வரி தவறுகிறது. குடும்பமே சீர்கெட்டுவிட்டது. உங்கள் அத்தை முன்னறையில் அமர்ந்து வெங்காயம் நறுக்குகிறாள், பக்கத்தில் மின்னுகிறது, அவள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. நேற்று சரியாக அவள் முகத்துக்கு நேரே மின்னியது. "உப்பு எங்க வச்சீங்க" என்று கேட்கிறாள். ஒரு மனிதப் பிறவி இந்த அளவுக்கு மரத்துப்போகலாமா? ஆகவே, வெள்ளிக்கிழமை நெருங்கும் இவ்வேளையில், எந்தத் திருமணமாயினும் விட்டுவிட்டு, முதல் பேருந்தில் வந்து அலைவரிசையை மாற்றித் தருமாறு வலியுறுத்துகிறேன்.

நீங்கள் எடுக்கும் படங்களில் எல்லாம் மணமக்கள் கண் திறந்திருக்கட்டும். மகளுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் முத்தம்.

இங்ஙனம்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் உங்கள் அத்தை சீருடையுடன் வந்து, "கடைசியா ஒண்ணு எடுத்துப் பாருங்க, வராட்டி விட்டுருவோம்" என்று நின்றாள். அழுத்தினேன். மாப்பிள்ளை, இரு கண்களும் திறந்திருக்கின்றன. வார்டு முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கும் அதே கண்கள். நாள் முழுதும் பார்த்துப் பழகிய மின்னலை அவள் பொருட்படுத்தவே இல்லை. பேருந்து ஏற வேண்டாம். அலைவரிசையின் பக்கம் கை நீட்ட வேண்டாம். மகிழ்ச்சியில் அடுத்த கூட்டத்தின் சுவரொட்டிக்கென என்னையும் ஒன்று எடுக்கச் சொன்னேன். "விழித்தெழுக" என்ற தலைப்பின் கீழ் நான் கண்களை இறுக மூடிக்கொண்டிருக்கிறேன். அத்தை சிரித்து இன்னும் ஓயவில்லை. எனவே என் எழுதும் மேசைக்கு நேர் எதிரே நிறுத்த, அதே அலைவரிசையில் இன்னொரு விளக்கை இன்றே அனுப்பி வையுங்கள்.