மூன்று ஆண்டுகளாக அறிவேன்

இராயபுரத்தில் அந்நாளில் உத்தியோகம் பார்த்தவர்களில் பாதிப்பேர் டாலி நைனாவின் கையெழுத்தால் மனிதரானவர்கள். மீதிப்பேர் அது கிடைக்காமலேயே மனிதரானவர்கள். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணி, மூட்டைக்கொரு கோடு கிழித்துக் கையெழுத்திடும் ‘டாலி’ குமாஸ்தா வேலை அவருக்கு. கண்ணால் காணாததற்கு ஒப்பமிடுவதில்லை என்பது அவர் மதம். மாதா கோயில் திருமணமொன்றில் சாட்சியாக நின்றவர், தாலி கட்டும் நேரத்தில் தும்மிவிட்டார். ‘மூன்று முடிச்சில் இரண்டைக் கண்டேன்’ என்று பதிவேட்டில் எழுதிய பிறகே ஒப்பமிட்டார். அந்தத் தம்பதி சண்டையிடும்போதெல்லாம் மூன்றாம் முடிச்சைப் பற்றிய ஐயம் எழும்.

அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து மாமா வீட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தொலைபேசி நிலையத்தில் எனக்கு வேலை கிடைக்கவிருந்தது. நிலையான உத்தியோகத்தில் உள்ள ஒருவர், ‘இவரை மூன்று ஆண்டுகளாக அறிவேன்’ என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்று தரவேண்டும். தவறினால், மாமா வாக்குக் கொடுத்திருந்த, மனைவியை இழந்த தவிட்டு வியாபாரிக்கு நான் வாழ்க்கைப்பட வேண்டும். எங்கள் சந்தில் நிலையான உத்தியோகம் டாலி நைனாவுக்கு மட்டுமே இருந்தது.

“நாலு மாசமாத்தான் உன்ன தெரியும் கண்ணு. மூணு வருசம்னு எப்டி எய்துவேன்?” என்றார்.

அம்மா அழுதாள். அவர் சற்று யோசித்தார். மறுநாள் மாலை கணக்குப் புத்தகத்தோடு வந்து, சாய்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றில் அமர்ந்தார். விடுபட்ட காலத்தை எண்ணப் போகிறாராம். எந்தப் பள்ளி, எந்த வகுப்பில் தோற்றேன், யாரோடு சண்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கோடு கிழித்தார். குறுக்கே புகுந்து என்னைப் புகழ்ந்த அம்மாவைக் கையமர்த்தினார்.

“நீ சொல்றது செல்லாதும்மா. சரக்க அனுப்புனவன் சரக்கு சோக்கா கீதுன்னுதான் சொல்லுவான்.”

மூன்று மாலைகள் இப்படியே சென்றன. வியாழக்கிழமை அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“கிய்யாத மூட்டைய நான் பாத்ததில்ல. உன்னுது எங்க கிய்ஞ்சிகீது?”

அம்மா அடுக்களையில் இருந்தாள். அப்பாவின் உயிர் பிரிந்த வேளையில் நான் உறங்கவில்லை, அவர் என்னை அழைத்தது கேட்டது, பயந்து போர்வைக்குள் கிடந்தேன் என்பதை நைனாவிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

அதற்கு அவர் கோடு கிழிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு படிவத்தை வாங்கி, மூன்று ஆண்டுகள் என்று திருத்தமாக எழுதி ஒப்பமிட்டார்.

“இப்ப தெரியும்” என்றார்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கடைக்குட்டியான பேத்தி வேலையில் சேர்ந்தாள். கணினித் திரையில் இருபது நிமிடம் பேசினார்கள், முடிந்துவிட்டது. அவள் யாரிடமும் நற்சான்றுக்குக் கெஞ்சவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. தொலைபேசி நிலையத்தில் நான் சேர்ந்த பிறகு பெண் பார்க்க வந்த என் கணவர்கூட, காப்பி ஆறுவதற்குள் என்னைப் பார்த்துச் சம்மதம் சொன்னவர்தாம். கிழிந்த இடத்தையும் பார்த்த பிறகு எனக்காக ஒப்பமிட்டவர், இத்தனை ஆண்டுகளில் டாலி நைனா ஒருவரே.