ஓட்டை சாரும் நாற்பது அட்டைகளும்

எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்புதான் காரணம் என்கிறார் டாக்டர். சுத்தப் பொய். காரணம் ஓட்டை சார்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியர், அவர் கணக்கு. பட்டுத் தறியில் சேலைக் கரைக்கு டிசைன் போட உதவும், ஓட்டை ஓட்டையாகக் குத்திய ஜக்கார்டு அட்டையைப் பார்த்த நாளிலிருந்து மனுஷர் மாறிவிட்டார். "ஓட்டை இருக்குது, இல்லாட்டி இல்ல. நடுவுல பேச்சே கெடையாது. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்துருக்குதாம், அதுவும் இந்த அட்டையைத்தான் திங்குதாம்பா!" என்பார். இயந்திரம் வைத்துக் கணக்கு சொல்லித் தருவதைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருஷமாக ஆராய்ச்சி. சாதாரணமாகப் பேசவும் மறந்துவிட்டார். "என்ன சார் சாப்டீங்க?" என்று கேட்டால், "நாலு பதில் குடு, எதுன்னு சொல்றேன்" என்பார்.

அவர் செய்த பெட்டிக்கு என் ஆய்வுக்கூடத்து பாட்டரி அத்தனையும் போயிற்று. தலைமையாசிரியர் மேஜை மணியும் போயிற்று. அவர் பாவம், பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்தார், பியூன் வரவேயில்லை. மெமோ மட்டும் எனக்கு வந்தது.

பெட்டியில் ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, நாலு பதில். அட்டையைக் கேள்வித்தாள் மூடியிருக்கும். பிள்ளை ஒரு பதிலில் ஊசியைக் குத்த வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போய்த் தகட்டைத் தொடும், மணி அடிக்கும். மணி அடித்தால் சரி, அடிக்காவிட்டால் தப்பு.

இந்தத் தடவை முடிவு காட்டாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து என்று மதராஸிலிருந்து அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுதிவிட்டார். சார் அவசரமாக ஒன்பதாம் வகுப்பை உட்கார வைத்தார். ஐயோ, அன்றைக்கு அடித்த மணி! கணக்கில் பத்து மார்க் தாண்டாத சரளா நாற்பதுக்கு நாற்பது. சார் கண்ணில் தண்ணீர். நான் மட்டும் நம்பவில்லை. சரளாவைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏழெட்டு எவ்ளோம்மா?"

"ஐம்பத்திநாலு சார்."

"யாரு சொன்னா?"

"மணி அடிச்சுது சார்."

"கேள்வியைப் படிச்சியா இல்லையா?"

"இன்னாத்துக்கு சார்? மொதல்ல ஒண்ணாவது பதில், அப்புறம் ரெண்டு, மூணு, நாலு, அப்புறம் எறங்குது. கோபுரக் கரை சார். எங்கூட்டுத் தறியில தெனம் பாக்குறதுதானே?"

ஊர்த் தறிகளுக்கெல்லாம் அட்டை குத்துபவர், சாருக்கும் குத்திக் கொடுத்தவர் வேதாசலம்; அவரிடம் ஓடினேன். "சாரு எழுதிக் குடுத்ததுல டிசைனே வரல சார். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. அத அப்படியே குத்திக் குடுத்தா ஊர்ல என் பேரு இன்னாத்துக்கு ஆவறது? நானே சரி பண்ணிட்டேன்" என்றார் பெருமையாக. நம்ம சாராவது ஒரு தடவை சோதித்துப் பார்த்தாரா? ஆராய்ச்சி செய்பவன் கை வைக்கக் கூடாதாம்.

அன்று சாயங்காலம் சாரிடம் சொன்னேன். நாற்பது அட்டையிலும் தானே ஊசியைக் குத்திப் பார்த்தார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, வாயைத் தொறக்காதீங்க. நாளைக்குப் பேராசிரியர் வர்றாரு, அவர் கையெழுத்தை வாங்கிக்கினு அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று கெஞ்சினேன்.

"ஓட்டை சரியா, தப்பா?"

"தப்புதான், ஆனா..."

"அப்புறம் இன்னா பேச்சு?"

மறுநாள் பேராசிரியர் வந்து மார்க் பட்டியலைப் பார்த்து அசந்துபோய்ப் பேனா மூடியைத் திறந்தார். "ஐயா, எழுதாதீங்க. கணக்கு ஒண்ணும் ஏறல. பிள்ளைங்க கரையைக் கண்டுபுடிச்சிருக்குதுங்க" என்றார் சார். அதோடு விட்டாரா? சரளாவை அழைத்து, "எப்படிக் கண்டுபுடிச்சே, சொல்லும்மா! எவ்ளோ புத்தி பாருங்க ஐயா!" என்று வேறு பூரித்தார். பேராசிரியர் பேனாவை மூடினார். காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. ஒரு வாரத்தில் பதிவு ரத்தாகிக் கடிதம் வந்தது.

தலையிலடித்துக்கொண்டு, இனி இந்த மனுஷர் சங்காத்தமே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டுப் புது அட்டையோடு வந்து நின்றார்.

"அதான் பதிவே போயிடுச்சே சார், இது எதுக்கு?" என்று கத்தினேன்.

"பதிவு போனாப் போவுது. அந்தப் பொண்ணுக்கு ஏழெட்டு இன்னும் ஐம்பத்திநாலாவே இருக்குதேப்பா. நான் குடுத்த தப்பு. அதை யாரு மாத்துறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டே அட்டை குத்தினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இன்னொரு கட்டை நீட்டியிருந்தால் அதையும் வாங்கிக் குத்தியிருப்பேன்.