தியாங் அங்கிளும் கடைசித் தூணும்

பயப்படுவதில் தியாங் அங்கிளை மிஞ்ச இந்த மலேசியாவில் இனி ஒருவர் பிறந்து வந்தால்தான் உண்டு. இடி, குரங்கு, செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்று எல்லாவற்றுக்கும் நடுங்குவார். கேரி தீவில் நான் ஆசிரியராக இருந்த இரண்டு வருடமும் அவருக்குப் பக்கத்து வீடு. அந்தப் பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

தியாங் என்றால் மலாயில் தூண். ஃபைபர் இணையத்துக்காக அவர் வாசலில் நட்ட தூணை அவர் காவல் காத்த அழகில் வந்த பெயர். தோட்டத்து வரிசையில் அவருடையதுதான் கடைசி வீடு. கம்பி முந்தின தூண் வரை வந்து நின்றுவிட்டது.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. காரணத்தில் மட்டும் இல்லை. நான் குடிவருவதற்கு முன் ஒரு மத்தியானம் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ஆன்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்துவிட்டார். வீட்டில் கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. அங்கிள் அவரைத் தரையிலேயே விட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கும் பள்ளி முச்சந்தி வரை ஓடி ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆன்டி பிழைத்துக்கொண்டார்.

"ஓடினதுகூட பரவால்ல சார். திரும்பி வந்தப்ப கதவு தொறந்து கெடக்கு, உள்ள சத்தமே இல்ல. வாசப்படி தாண்ட காலு வரல," என்றார் ஒரு நாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாலே நானும் வாசலில் நின்று ஆன்டியைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

வீட்டுக்கு ஃபைபர் வந்தால் ஆன்டியின் பக்கத்தில் நின்றபடியே கூப்பிடலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் கம்பி பொருத்துகிறவர்கள் முதல் தடவை வந்த நாளில் அவர் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது. அன்றிலிருந்து கல்யாணம், கருமாதி, கோயில் எதற்கும் அவர் வீட்டை விட்டு நகரவில்லை. முடியைக்கூட ஆன்டியே வெட்டிவிட்டார். அந்தத் தலையைப் பார்க்க நமக்குத்தான் பயமாக இருக்கும்.

லோரி வந்தால் நடுரோட்டில் நின்று, மெதுவாகப் போகச் சொல்லி, "பெலான் பெலான்லா! தியாங் இருக்கு!" என்று கத்துவார். அதுவும் போதாதென்று தூணுக்குத் திருஷ்டி கழித்தார். நீற்றுப்பூசணி உடைத்து, குங்குமம் அப்பி, மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. மறுவாரம் யாரோ ஒரு லோரி டிரைவர் இறங்கிச் சூடம் ஏற்றினார். அடுத்து ஒருவர் சுருட்டு வைத்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் தூணடியில் ஒரு சூலம் நடப்பட்டிருந்தது.

"யாரு சார் நட்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கம்பி பொருத்துகிறவர்கள் மறுபடி வந்தார்கள். இருவரும் மலாய்க்காரர்கள். தூணைப் பார்த்ததும் ஏணியைப் பாதியிலேயே இறக்கி வைத்தார்கள்.

"தக் பெரானி, அங்கிள்," என்றார் மூத்தவர். தைரியம் வரவில்லையாம். உங்கள் சாமி இடத்தில் ஆணி அடிக்க மாட்டோம், சூலத்தை நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார்.

அங்கிள் எடுப்பாரா? தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரியை அழைத்து வந்தேன். அவர், "யாரு நட்டதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன் வாத்தியாரே," என்று நழுவினார். நானா? நானும் கை வைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து ஆண்பிள்ளைகள் ஒரு தூணைச் சுற்றி நின்று வேர்த்தோம். மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவையும் போனால் அடுத்து எப்போது வருவார்களோ!

அப்போது ஆன்டி வெளியே வந்தார். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நேரே தூணடிக்குப் போய்க் கும்பிட்டார்.

"அப்பா முனியாண்டி, கோயில்லயே வந்து இரு. இந்த மனுசன் என்னையப் போட்டுட்டு இன்னொரு தடவ ஓட மாட்டாரு. அவருக்குத் தாங்காது."

சூலத்தைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கோயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அங்கிளுக்குச் சாமி பயம் போய் ஆன்டி பயம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ஏய், மெதுவா நடலா! ஒக்காரு! மூச்ச விடு!" பத்தடிக்கு ஒரு தடவை நாற்காலியைப் போட்டார். ஆன்டி ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவர்கள் திரும்பி வருவதற்குள் ஏணி ஏறி, கம்பியும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அதன்பின் நான் மாற்றலாகிப் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கு வந்துவிட்டேன். தினமும் காலை ஏழு மணிக்கு அங்கிளின் வீடியோ கால் வரும். பேச ஒன்றும் இருக்காது. கம்பி வேலை செய்கிறதா என்று சோதனை. "ஆன்டி இருக்காங்க சார். வெச்சிடவா?" எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. எட்டு மணிக்குக் கிள்ளான் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திறந்த கதவும் சத்தமில்லாத வீடுமே கண்ணுக்குள் நின்றன. கேரி தீவுப் பாலம் ஏறும்போது கைப்பேசி அடித்தது.

"சார், கூப்ட்டீங்களா? ஆன்டியைக் கூட்டிக்கிட்டு கிள்ளான் கோயிலுக்கு வந்தேன். இப்பதான் வெளிய வர்றோம். இனிமே கம்பிக்காரங்களுக்காக வீட்லயே காத்திருக்க வேணாம்ல, அதான்."

நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.