நோர்பரி ஈத்தூண்டில் கழகம் வழங்கிய நற்சான்று

உலக நாகரிகத்துக்கு யாழ்ப்பாணத் தமிழர் வழங்கிய கொடைகளைப் பட்டியலிடப் புகுந்தால் தாள் போதாது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1989ஆம் ஆண்டு, இலண்டன் நோர்பரியில், யோகலிங்கம் அவர்களின் முன்னறையில், இரண்டு தட்டு வடை முன்னிலையில், 'இலண்டன் தமிழ்க் கனவான்கள் ஈத்தூண்டில் கழகம்' உதயமாயிற்று. யோகலிங்கம் தலைவர். பத்மநாதன் ஆகிய நான் செயலாளர். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை.

கழகம் பிறந்த காரணம் மிக உன்னதமானது. தலைவர் பெரிய கணக்காளர்; சமாதான நீதவானும்கூட. அலுவலக விருந்தொன்றில் அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி, "நீங்கள் மீன் பிடிப்பதுண்டா?" என்று கேட்டுவிட்டார். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஏழு தலைமுறையாக மீனைச் சாப்பிட்டதைத் தவிர அதோடு வேறெந்தத் தொடர்பும் வைத்திராத குடும்பம் அவருடையது. வீடு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ஸ்கொட்லாந்தின் வட ஆறுகளில் சல்மன் மீன் பிடிப்பவர்கள் எல்லாம் பிரபுக்களும் சத்திரசிகிச்சை நிபுணர்களும் என்று ஒரு சஞ்சிகையில் படித்தார். உடனே பசித்தது.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஈத்தூண்டிலில் ஈ கிடையாது. இறகையும் பட்டுநூலையும் தூண்டில்முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈதான் உண்டு. முட்டையிட ஆற்றுக்கு வரும் சல்மனோ, கடலை விட்டபின் சாப்பிடுவதே இல்லை. ஆகவே பசியில்லாத மீனுக்கு, ஈயல்லாத ஈயை, மீன் தேவைப்படாத ஒருவர், இடுப்பளவு குளிர்நீரில் நின்று நாள் முழுக்க வீசிக்கொண்டிருப்பார். இதைவிட ஆழமான தத்துவம் நம்முடைய சைவசித்தாந்தத்திலும் இருக்கிறதா என்று கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடத்தினோம்.

மூன்று ஆண்டுகளில் கழகம் நாற்பத்தொரு விதிகளை இயற்றியது. கழுத்துப்பட்டிக்கு நிறம் தேர்ந்தது. ஞாயிறுதோறும் தலைவர் வீட்டுப் பின்வளவுப் புல்லில் வரிசையாக நின்று பன்னிரண்டு உறுப்பினரும் வீசிப் பழகினோம். ஒருமுறை பொருளாளர் பாலேந்திராவின் தூண்டில் பின்னால் போய், தலைவரின் துணைவியார் தவநாயகியின் கொண்டையில் மாட்டியது. அந்த மூன்று ஆண்டுகளில் கழகம் பிடித்த ஒரே உயிர் அவர்தான்.

இப்படிச் சீரும் சிறப்புமாக இருந்த வேளையில், 1992 யூலையில், கூட்டம் நடக்கும்போது ஒருவர் கதவைத் தட்டினார். பெயர் கஸ்பர். ஈஸ்ட் ஹாம் பலசரக்குக் கடையொன்றில் அரிசி மூட்டை தூக்குகிறவர். வயது முப்பதுக்கு மேலிராது.

"வாரும் தம்பி, இரும்," என்றார் தலைவர். "ஊரில எவ்விடம்?"

"பாசையூர், ஐயா."

வெளியூர் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியின் விஞ்ஞான நுட்பம் தெரியாமலிருக்கலாம். எங்களில் ஒருவர் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். அவருடைய தொழில், கோயில், யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், யாருடையதில் ஏலாது என்பதெல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பாசையூர் கடற்கரை. கஸ்பர் இன்னும் உட்காரவில்லை. இரண்டாம் முறை யாரும் உட்காரச் சொல்லவுமில்லை. தவநாயகி கொண்டுவந்த பீங்கான் கோப்பை உள்ளே திரும்பிப் போய், காகிதக் கோப்பையாக வெளியே வந்தது.

"ஐயா, என்ர வள்ளத்தை நேவி எரிச்சுப்போட்டுது," என்றார் கஸ்பர். "தம்பியைக் கடலிலயே சுட்டுப்போட்டாங்கள். குரோய்டன் அகதிக் கந்தோரில அதைத்தான் சொன்னனான். நீ கடற்றொழிலாளி எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு அந்த ஒஃபிஸர் கேக்கிறார். இருந்த கடதாசி எல்லாம் வள்ளத்தோட எரிஞ்சு போச்சு. ஒக்ரோபரில அப்பீல். அதிலயும் நம்பாட்டி என்னையும் மனிசி பெர்னடெற்றையும் பிளேனில ஏத்திப்போடுவினம்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்ய?"

"நீங்கள் பதிஞ்ச மீன்பிடிச் சங்கம். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிச்சுப் பாருங்கோ. இவன் மீன்பிடிகாரன்தான் எண்டு ரெண்டு வரி எழுதித் தாங்கோ. அது போதும்."

பாலேந்திராவுக்கு வியர்த்துவிட்டது. கஸ்பரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "மீன்பிடிக் கழகத்துக்குள்ள மீன்பிடிக்கிறவையைச் சேர்க்க ஏலுமே?" என்று கேட்டார். "நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

நியாயமான கேள்வி. ஒன்றரை மணிநேர விவாதத்தின்பின், கஸ்பரைச் சமையற்காரராக ஸ்கொட்லாந்துக்கு அழைத்துச் செல்வதென்றும், கடித விடயத்தைத் திரும்பி வந்து 'பரிசீலிப்பது' என்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

செப்டெம்பரில் போனோம். மலையும் பைன் மரமும் கறுப்புத் தண்ணீரும் தவிர வேறொன்றுமில்லாத இடம். மூன்று நாள் பன்னிரண்டு கனவான்கள் ஆற்றுக்குள் நின்று வீசினோம். கரையில் கஸ்பர் புட்டவித்துக்கொண்டே எங்களைக் கவனித்து, எப்படி வீசக்கூடாது என்று நன்றாகப் படித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது அங்க நிக்காது. அந்தக் கல்லுக்குப் பின்னால, தண்ணி சுழிக்கிற இடத்தில நிக்குது."

"நீ புட்டைப் பார்," என்றார் தலைவர். பிறகு, காலுறை நனைந்துவிட்டதால் மாற்றப் போனார். "இதைப் பிடிச்சுக்கொண்டு நில். வீசாதை."

கஸ்பர் ஒரே ஒருதரம் வீசினார்.

அதன்பின் அரை மணிநேரம் நடந்ததை விபரிக்கக் கழக விதிகளில் சொற்கள் இல்லை. அவர் இழுக்கவில்லை, மீனை அதன் போக்கிலேயே விட்டு, மடக்கி, பேசிப் பேசிக் கூட்டிவந்தார். பதினான்கு இறாத்தல் சல்மன். ஈரத்தில் முழந்தாளிட்டு அதை இரண்டு கையாலும் தாங்கியபடி, "என்ர தம்பி எண்டா இதைவிடக் கெதியாக் கொண்டந்திருப்பான், அண்ணை," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அழுதுகொண்டிருந்தார். அதை நான் கழகப் பயண அறிக்கையில் சேர்க்கவில்லை.

ஒரு காலில் மட்டும் காலுறையோடு தலைவர் ஓடிவந்தார். மீனை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் படமெடுத்தேன். "கஸ்பர், கொஞ்சம் இடப்பக்கமா விலகும்," என்று கேட்டுக்கொண்டதும் நான்தான். 'சல்மனை வென்ற தமிழன்' என்ற தலைப்பில் அந்தப் படம் இலண்டன் தமிழ்ப் பத்திரிகையொன்றில் அரைப் பக்கத்துக்கு வந்தது. மேலதிகாரியும் கைகுலுக்கினாராம்.

கடிதத்துக்காக அவசரக் கூட்டம் கூடியது.

"மீன்பிடிகாரன் எண்டு எழுதினா, அவன் எங்களோட நிண்டு மீன் பிடிச்சதாப் போகும்," என்றார் பாலேந்திரா. "பிறகு எங்களையும் அந்த ஆக்களெண்டு நினைப்பினம். எனக்குக் கலியாண வயசில மூண்டு பெட்டையள்."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் ஈரநெஞ்சர். "உதவி கேட்டு வந்தவனைக் கைவிட ஏலாது," என்றார். "ஆனா அந்தச் சொல் எங்கட கடிதத்தாளில வரவும் கூடாது. ஒண்டு செய்வம். அவனை ஒரு படி உயர்த்தி எழுதுவம்."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அங்கேயே நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன்: 'திரு. கஸ்பர் கண்ணியமான கமக்கார வேளாளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மீன்பிடித் தொழிலோடு அவருக்கோ அவருடைய முன்னோருக்கோ எக்காலத்திலும் எத்தொடர்பும் இருந்ததில்லை என்பதைக் கழகம் மகிழ்ச்சியுடன் உறுதிப்படுத்துகிறது.' கீழே, சமாதான நீதவான் யோகலிங்கத்தின் கையொப்பம்.

கஸ்பரின் வக்கீல் கையில் அகப்பட்டுத் தாமதமாகக் கூடாதென்று, அப்பீல் மன்றத்துக்கே பதிவுத்தபாலில் நேரே அனுப்பினோம். பிரதியொன்றைக் கஸ்பரிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கழக முத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாதா உங்களைக் காப்பாத்துவா, அண்ணை," என்றார். "யோசியாதையும், வடிவா எழுதியிருக்கு," என்றேன்.

ஒக்ரோபரில் தீர்ப்பு வந்தது. விண்ணப்பதாரர் மீனவர் அல்லர் என்பதை, அவருடைய இனத்தவரே நடத்தும் மீன்பிடி அமைப்பு ஒரு நீதவானின் கையொப்பத்தோடு உறுதிசெய்திருப்பதால், வள்ளம், நேவி, தம்பி ஆகிய மூன்றும் நம்பத்தக்கவையல்ல என்று அதில் கண்டிருந்தது.

பெர்னடெற் அந்தத் தாளையும் எங்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"என்ன எழுதியிருக்கெண்டு வக்கீல் வாசிச்சுச் சொன்னவர், அண்ணை."

"தங்கச்சி, நாங்கள் உங்களை உயர்த்தித்தான் எழுதினனாங்கள்."

அவர் சத்தம் போடவில்லை. "ஊரில மீன்காரர், மீன்காரர் எண்டு சொல்லித்தானே உங்கட கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ள விடேல்லை. இஞ்ச ஒருக்கா, ஒரே ஒருக்கா, அதைச் சொல்லியிருக்கலாமே."

கடிதத்தை என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர்களை விமானம் ஏற்றியபின் நடந்த அடுத்த கூட்டத்தில் கழகம் எழுந்து நின்று அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் பாலேந்திரா; வழிமொழிந்தவன் நான். அந்தத் தீர்மானத்தில் இடம் போதாமல் விடுபட்ட ஒரு தகவலை இங்கே பதிவுசெய்கிறேன். கஸ்பர் மீனவர் என்பதை இந்த நாட்டில் நம்பாதவர்கள் குரோய்டனில் இரண்டொருவர் இருந்திருக்கலாம். கண்ணால் கண்டு, ஒரு துளி ஐயமுமின்றி நம்பியவர்கள் நோர்பரியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். அவரை விமானம் ஏற்றியவர்கள் நம்பியவர்கள்தான்.