மாமனாரை அமுக்க ஒரு சப்ஊஃபர்

"முன்னாடி போற வண்டிக்கு ஆறு சக்கரம்," என்றார் மாமனார்.

லாரிக்காரர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

"நம்ம வண்டிக்கு எத்தனை மாப்பிள்ளை?"

"ஆறு மாமா."

"ஸ்டெப்னியைச் சேத்தா ஏழு. மறந்துட்டீங்க பாத்தீங்களா!"

லாரிக்காரர் இன்னும் கூட்டினார். அதற்கு மேல் திருக அந்தக் குமிழில் இடமில்லை. லாரியோடு கூடவே வந்த ஸ்டீரியோ அது. எஞ்சின் ஓடாதபோது நன்றாகவே பாடும். எஞ்சின் ஓட ஆரம்பித்தால், போர்வைக்குள் யாரோ முனகுவது போல் ஆகிவிடும். மாமனாரின் குரலோ எஞ்சினைத் தாண்டி நேராக வந்து காதுக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

கிடங்கிலிருந்து கடைகளுக்கு மெத்தை ஏற்றிப்போவது லாரிக்காரர் தொழில். உடையாத, கசியாத, நாறாத சரக்கு. நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய லாரி, கிடங்கு கேட்டின் தூணில் லேசாக முட்டிவிட்டது. லேசாகத்தான். தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவே. குறுக்கே நாய் வந்ததாக வீட்டில் சொல்லிவைத்தார். அந்த வட்டாரத்தில் நாயே கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை மாமனார் தண்ணீர் பாட்டிலும் கையுமாக வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். "வீட்ல சும்மாதானே இருக்கேன், உங்க கூட வர்றேன்," என்றார். அன்று திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

வேலையில் இருந்த காலம் முழுக்க நூலகத்தில், 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனிதர். இவரை எப்படி அங்கே வைத்திருந்தார்கள் என்று லாரிக்காரர் யோசித்து யோசித்து மாய்ந்துபோனார். வழியில் வரும் போர்டு ஒன்று பாக்கி விடாமல் உரக்கப் படிப்பார் மாமனார்.

"'பஞ்சர் ஒட்டப்படும்.' பக்கத்துலயே, 'இங்கு ஒட்டாதீர்.' ஒருத்தன் ஒட்டுறேங்கிறான், ஒருத்தன் ஒட்டாதேங்கிறான். என்ன செய்யுறது மாப்பிள்ளை?"

வராதீர்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மனைவி ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தாள். "எங்கப்பா மனசு நோக ஒரு வார்த்தை சொன்னீங்க, அப்புறம் நான் பேச ஆரம்பிச்சிடுவேன்."

இது போதாதென்று திங்கட்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் நாலு நாள் டிரிப் ஒன்று வந்து சேர்ந்தது. மாமனார் இப்போதே பையில் துணி அடுக்கியாயிற்று. நாலு நாள்! அதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடிப்பது உறுதி என்று லாரிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நேராகக் கரெண்டிடம் போனார்.

கரெண்டு என்பது வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவனின் பட்டப்பெயர். அசல் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவான்.

"இந்த ஸ்டீரியோவைக் கழட்ட வேணாம்ணே. ஸ்பீக்கருக்குப் போற ஒயரைக் கொஞ்சம் கிள்ளி ஆம்ப்ளிஃபயருக்குக் குடுத்துடலாம். அதை சீட்டுக்கு அடியில வைக்கிறோம், சப்ஊஃபர்னு ஒரு பெரிய ஸ்பீக்கரை சீட்டுக்குப் பின்னாடி நிறுத்துறோம். பல்லு ஆடும் பாருங்க!"

"பல்லு ஆட வேணாம்ப்பா. பக்கத்துல பேசுறது கேக்கக்கூடாது. அது போதும்."

"யாரு பேசுறது?"

"...பொதுவா சொன்னேன்."

மாட்டியாயிற்று. மறுநாள் பாட்டுப் போட்டார். அடடா, என்ன சத்தம்! சீட் அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, மாமனாரின் வாய் அசைந்தது. ஒரு சொல் கேட்கவில்லை. லாரிக்காரர் ஆனந்தத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பாட்டுக்கு நடுவில் 'ஙொய்ய்ய்ங்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பியது. மிதிக்க மிதிக்க அது ஏறிக்கொண்டே போனது. காது கூசி, பாட்டை நிறுத்தினார்.

"கொசுவா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், முகமெல்லாம் மலர்ச்சியாக. "கொசுவுல எத்தனை வகை தெரியுமா?"

இறங்கும் வரைக்கும் கொசுதான்.

"எர்த் சரியில்லண்ணே," என்ற கரெண்டு, எர்த் ஒயரைக் கழற்றி வேறொரு போல்ட்டில் முறுக்கினான். ரீங்காரம் போயிற்று. ஆனால் அந்த போல்ட்டில் ஏற்கெனவே இண்டிகேட்டரின் ஒயர் குடியிருந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் பாட்டு கப்பென்று அமுங்கி, சப்ஊஃபர் மட்டும் டும், டும் என்று அடித்தது. சிக்னலில் வலதுபக்கம் திரும்ப நின்றார்கள்.

டும். டும். டும்.

"ஓரெட்டு எட்டு," என்றார் மாமனார், தொடையில் தாளம் போட்டபடி. "ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்திநாலு..."

சிக்னல் பச்சையாவதற்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொட்டிருந்தார். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று லாரிக்காரர் வலதுபக்கம் திரும்பவே கூடாதென்று இடது இடதாகவே திரும்பிப் பார்த்தார். அதற்கும் இண்டிகேட்டர் உண்டு என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

"எல்லாத்தையும் நேரா பேட்டரியில குடுத்துடுறேன். இனிமே ஒரு தொல்லையும் இருக்காது," என்று சத்தியம் செய்தான் கரெண்டு.

தொல்லை இல்லைதான். ஆம்ப்ளிஃபயர் அருமையாக வேலை செய்தது. சாவியை எடுத்த பிறகும் செய்தது. லாரிக்காரர் மெத்தைக் கடையில் சரக்கு இறக்கி, டீ குடித்து, கடைக்காரரோடு சாவகாசமாகப் பேசிவிட்டு வருவதற்குள் பேட்டரி உயிரை விட்டிருந்தது. கடை ஆட்கள் முனகிக்கொண்டே லாரியைத் தள்ளினார்கள். மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இடது பக்கம் ரெண்டு பேர் சும்மா கைய வச்சிருக்காங்க மாப்பிள்ளை! அந்தக் கட்டம் போட்ட சட்டை! நடிக்கிறாரு!" என்று நேர்முக வர்ணனை கொடுத்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. மாமனார் பையோடு தயார். லாரிக்காரர் விடிந்தும் விடியாமலும் கரெண்டின் கடை வாசலில் நின்றார்.

"ஒழுங்கா முடிச்சுக் குடுத்துடுப்பா. கிடங்குல ஏத்திட்டு அப்படியே கிளம்பணும். நாலு நாள்ப்பா, நாலு நாள்!" அவர் குரல் உடைந்தே போயிற்று.

கரெண்டுக்கும் மனசு இளகியது. எல்லா ஒயரையும் பிடுங்கிப்போட்டு, முதலிலிருந்து அவசர அவசரமாக மாட்டினான். ஸ்டீரியோவுக்குப் பின்னால் கூரையிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் இறங்கிவந்தன. மேல்பக்கத்து ஸ்பீக்கர் ஒயராக இருக்கும் என்று அதையே கிள்ளிக்கொடுத்துவிட்டு, "போங்கண்ணே, ஜமாய்ங்க," என்று தட்டி அனுப்பினான்.

மாமனாரை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் லாரிக்காரர் பாட்டுப் போட்டார். பாட்டு வரவில்லை.

"முன்னாடி போற வண்டிக்கு ஆறு சக்கரம்," என்றார் மாமனார்.

லாரி அதிர்ந்தது. சீட்டுக்குப் பின்னாலிருந்து, கதவிலிருந்து, காலடியிலிருந்து, "ஆறு சக்கரம்" என்று மாமனாரின் குரல் இடியாய் முழங்கியது. நடைபாதையில் போனவர்கள் நின்று சக்கரத்தை எண்ணினார்கள்.

"அட!" என்றார் மாமனார்.

"அட!" என்றது சப்ஊஃபர்.

லாரிக்காரர் ஓரம் கட்டி, இறங்கி நின்று கரெண்டுக்குப் போன் போட்டார்.

"அய்யய்யோ! அந்த ஸ்டீரியோவுல போன் பேசுறதுக்கு மேல ஒரு மைக் இருக்கும்ணே. அந்த ஒயரையா குடுத்தேன்? திரும்பி வாங்க, மாத்திடலாம்."

"கிடங்குல சரக்கு காத்திருக்குடா! எப்படி வர்றது?"

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. மைக் பக்கத்துல யாரும் பேசாம பாத்துக்குங்க," என்றான் கரெண்டு.

ஸ்டீரியோவை அணைத்துப் பார்த்தும் பயனில்லை; கிடங்கு போய்ச் சேரும் வரை பஞ்சர் கடையும் பல் வைத்தியரும் முட்டுச்சந்தும் வரிசையாக முழங்கின. லாரிக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனால் போகிறது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். பெண்டாட்டி பேசினால் பேசட்டும். எவ்வளவு பேசிவிடுவாள்? அப்பனைவிடவா?

மாமனாருக்குக் காற்று வேண்டுமே என்று குட்டி ஃபேன் சுற்றும்படி சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு இறங்கினார். மேலாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாய்ந்த தூணில் சாய்ந்து நின்று, சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இந்த டிரிப்புக்கு வர வேணாம்." நன்றாக இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.

பாதி வழியில் கிடங்கு வாசல் முழுக்க மாமனாரின் குரல் எழுந்தது. மனிதர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலடி. தொண்டை புண்ணாப் போச்சு. வாய் வலிக்குது. போர்டு எல்லாம் படிச்சாச்சு, சக்கரம் எல்லாம் எண்ணியாச்சு, வாய்ப்பாடுகூட சொல்லியாச்சு. இன்னும் நாலு நாள் என்னத்தடி பேசுவேன்? நான் வீட்டுக்கு வந்துடுறேனே!"

மெத்தை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மேலாளர் ஜன்னலுக்கு வந்தார்.

மாமியாரின் குரல் சப்ஊஃபர் வழியாகக் கிடங்கின் தகரக் கூரை கிடுகிடுக்க வந்தது.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு புளுகிட்டு மாப்பிள்ளை தூங்கித் தூங்கி ஓட்டுறாருன்னு பொண்ணு அழுதப்போ, 'நான் பேசிக்கிட்டே கூடப் போறேன்'னு வாக்குக் குடுத்தது நீங்கதானே? கல்யாணம் ஆனதுல இருந்து என்கிட்ட பேசாம சேத்து வச்சிருக்கீங்கல்ல, அதையெல்லாம் எடுத்துப் பேசுங்க!"